‘த கேட் இஸ் குளோஸ்டு’: மூடினார்களா, மூடிக் கிடக்கிறதா?

ஆரியங்காவில் வேலை பார்த்துக்கொண்டே அரசுத் தேர்வுகளுக்குப் படித்துவரும் தம்பி ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். ‘த கேட் இஸ் குளோஸ்டு’ என்ற வாக்கியத்தில் ‘குளோஸ்டு’ என்பது செயப்பாட்டு வினையா, பெயரடையா என்பது முதல் கேள்வி. ‘த கேட் வாஸ் பெயின்டட் கிரீன்’ என்பதில் வினை முடிந்த பிறகு ‘கிரீன்’ என்ற பெயரடை எந்த உரிமையில் வந்து உட்காருகிறது என்பது இரண்டாவது. ‘ஈஸி டு ரீட்’ சரி என்றால் ‘ஈஸி டு பி ரெட்’ ஏன் தவறு, ‘லைக்லி டு செலக்ட்’ தவறு என்றால் ‘லைக்லி டு பி செலக்டட்’ ஏன் சரி என்பது மூன்றாவது. ‘இஸ்’, ‘வாஸ்’ போன்ற பி-வினையோடு வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம் சேர்ந்தால் அது பாசிவ் வாய்ஸ் என்று ஒரே வரியில் தமக்குச் சொல்லிக்கொடுத்ததாகவும், அந்த வரி எங்குமே முழுதாகப் பொருந்தவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். கூடவே தம் வேலை விண்ணப்பத்தின் ஆங்கில நகலையும் திருத்தித் தரச் சொல்லி இணைத்திருக்கிறார்.

தம்பி, செங்கோட்டையில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஒற்றை வரி பாதி உண்மை. மீதிப் பாதியை உங்கள் காதே ஏற்கெனவே அறியும், ஏனெனில் தமிழ் அதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது.

‘த கேட் வாஸ் குளோஸ்டு அட் டென்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் தமிழில் சொல்லப் போனால் இரண்டு வாக்கியங்கள் கிடைக்கும். ‘பத்து மணிக்குக் கதவை மூடினார்கள்’ என்பது ஒன்று. ‘பத்து மணிக்குப் போய்ப் பார்த்தபோது கதவு மூடிக் கிடந்தது’ என்பது மற்றொன்று. முன்னது ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. யாரோ ஒருவர் கைவைத்து மூடியிருக்கிறார், அந்தச் செயல் பத்து மணிக்கு நடந்தது. பின்னது ஒரு நிலையைச் சொல்கிறது. மூடியது ஏழு மணிக்கா, முந்தின நாளா என்பது அங்கே பேச்சே இல்லை. தமிழ் ‘கிடந்தது’, ‘இருக்கிறது’ என்ற துணைவினைகளை வைத்து இந்த வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. கேரள எல்லைக்கு அப்புறம் மலையாளத்திலும் ‘அடச்சு’ என்பதும் ‘அடச்சிட்டிரிக்குந்நு’ என்பதும் ஒன்றல்ல. ஆங்கிலம் மட்டும் இரண்டையும் ஒரே சட்டைக்குள் திணித்திருக்கிறது. நிகழ்ச்சியைச் சொல்லும்போது ‘குளோஸ்டு’ வினை, நிலையைச் சொல்லும்போது அதே ‘குளோஸ்டு’ பெயரடை.

இது வெறும் இலக்கணக்காரரின் கற்பனைப் பிரிவு என்று நினைத்தால், எதிர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘த கேட் வாஸ் ஓப்பண்டு அட் டென்’ என்றால் பத்து மணிக்குத் திறந்தார்கள் என்ற ஒரே பொருள்தான். ‘த கேட் வாஸ் ஓப்பன் அட் டென்’ என்றால் பத்து மணிக்குத் திறந்திருந்தது என்ற ஒரே பொருள்தான். ‘ஓப்பன்’ என்று தனியாக ஒரு பெயரடை இருப்பதால் அங்கே குழப்பம் இல்லை. மூடுவதற்கு அப்படித் தனிப் பெயரடை அமையாததால் வினையின் மூன்றாம் வடிவமே இரண்டு வேலையையும் பார்க்கிறது. ‘எம்டி’, ‘எம்டீடு’, ‘கிளீன்’, ‘கிளீண்டு’, ‘டிரை’, ‘டிரைடு’ ஆகியவையும் ‘ஓப்பன்’ வகைதான். நம் பக்கத்துக் கருவாட்டுக் கடைகளில் ‘டிரை ஃபிஷ்’ என்று பலகை வைத்திருப்பார்கள். ஒருவர் வெயிலில் உலர்த்தி எடுத்த மீன் என்பதால் அது ‘டிரைடு ஃபிஷ்’ என்று இருக்க வேண்டும். ‘டிரை’ என்பது ஈரமில்லாத நிலையை மட்டும் சொல்லும். உலர்த்திய கையைச் சொல்லாது. வாங்குகிறவருக்குப் புரிந்துவிடுகிறது என்பதால் பலகையை மாற்றச் சொல்லி நான் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை.

நம் ஊர் ரயில் பாதையை வைத்தே இதை இன்னும் தெளிவாகச் சொல்லலாம். கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து செங்கோட்டை வரை வந்த மீட்டர்கேஜ் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடைப்பட்ட பகுதி அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-இல் மூடப்பட்டு, 2018-இல்தான் முழுமையாக ரயில் ஓடத் தொடங்கியது. ‘த லைன் வாஸ் குளோஸ்டு இன் 2010’ என்று எழுதினால் அது நிகழ்ச்சி. அங்கே ‘குளோஸ்டு’ வினை. ‘த லைன் வாஸ் குளோஸ்டு ஃபார் செவரல் இயர்ஸ்’ என்று எழுதினால் அது நிலை. அங்கே ‘குளோஸ்டு’ பெயரடை. வாக்கியத்தின் உடல் அப்படியே இருக்க, காலச்சொல் மட்டும் மாறி அதன் வகையையே மாற்றிவிட்டது. ‘ஸ்டில்’, ‘ஆல்ரெடி’, ‘ஃபார்’ போன்றவை நிலையின் பக்கம் இழுக்கும். நாளும் மணியும் குறிக்கும் சொற்கள் பெரும்பாலும் நிகழ்ச்சியின் பக்கம் இழுக்கும். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் முதலில் காட்டிய பத்து மணி வாக்கியம். அங்கே மணி குறித்தும் குழப்பம் தீரவில்லை.

ஆங்கிலத்துக்கு இந்தக் கெதி எப்படி வந்தது என்று கேட்டால் அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினைக்கு இரண்டு வகைத் துணைவினைகள் இருந்தன. ‘இரு’ என்ற பொருளுடையது ஒன்று, ‘ஆகு’ என்ற பொருளுடைய ‘வெயோர்தன்’ மற்றொன்று. எழுதியவர்கள் இரண்டையும் எப்போதும் கறாராகப் பிரித்துப் பயன்படுத்தினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பிரித்துக் காட்ட வழி இருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் ‘ஆகு’ வினை வழக்கொழிந்தது. ‘இரு’ வினை தனியாக நின்று இரண்டு சுமையையும் தூக்கியது. ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில் இன்றும் கதவை மூடும் செயலுக்கு ‘விர்ட்’ என்றும், மூடிக் கிடக்கும் நிலைக்கு ‘இஸ்ட்’ என்றும் வேறு வேறு துணைவினை உண்டு. இழந்ததை ஈடுகட்ட ஆங்கிலம் பிற்காலத்தில் வேறு வழிகளைத் தேடிக்கொண்டது. ‘இஸ் பீயிங் பில்ட்’ என்ற வடிவம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. அதற்கு முன் ‘த ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றே எழுதினார்கள். புதிய வடிவத்தைக் கொச்சை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு இலக்கணக்காரர் பலர் திட்டித் தீர்த்தார்கள். ‘காட் குளோஸ்டு’ என்பதுபோல் ‘கெட்’ வினையைச் சேர்த்துச் சொல்வதும் நிகழ்ச்சியைத் தெளிவாக்கும் மற்றொரு வழி.

‘பீயிங்’ என்ற அந்த ஒரு சொல்லின் விலை எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன், பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து புளியரை வழியாகக் கேரளத்துக்குக் காய்கறி கொண்டுபோகும் லாரி உரிமையாளர் ஒருவர் காப்பீட்டுக் கோரிக்கைக் கடிதம் எழுதித் தரச் சொல்லி வந்தார். சந்தையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த வண்டி ஒன்று இடித்து, பின்பக்கத் தட்டி நொறுங்கிவிட்டது. அவசரத்தில் நான் ‘வென் த ஆக்சிடென்ட் ஹாப்பண்டு, த லாரி வாஸ் லோடட்’ என்று எழுதிக் கொடுத்தேன். ‘ஏற்றிக்கொண்டிருந்தார்கள்’ என்பது என் மனத்தில் இருந்தது. தாளில் இருந்ததோ ‘லாரியில் முழுச் சரக்கு இருந்தது’ என்பதுதான். முழுச் சரக்கு என்றால் எடைச் சீட்டு எங்கே, எந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, ஓட்டியவர் யார் என்று காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. அவர்கள் கேட்டதில் தவறில்லை. ‘வாஸ் பீயிங் லோடட்’ என்று திருத்தி மறுபடி அனுப்பிய பிறகே விஷயம் நகர்ந்தது. அந்த இடைவெளியில் வண்டி இரண்டு மாதம் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. பிழை முழுக்க என்னுடையது. வகுப்பில் இதே வேறுபாட்டை வருடந்தோறும் நடத்தியவன் நான் என்பது கூடுதல் வெட்கம்.

ஐயம் வரும்போது சோதித்துப் பார்க்கச் சில வழிகள் உண்டு. எதுவும் எல்லா இடத்திலும் செல்லும் என்று நம்ப வேண்டாம். ‘பீயிங்’ சேர்த்தால் பொருள் மாறாமல் நிற்கிறதா என்பது நிகழ்ச்சிக்கான சோதனை. பி-வினையை எடுத்துவிட்டு ‘சீம்ஸ்’ அல்லது ‘லுக்ஸ்’ போட்டால் வாக்கியம் நிற்கிறதா என்பது நிலைக்கான சோதனை. ‘ஷி சீம்ஸ் வரீடு’ நிற்கும், ‘த லெட்டர் சீம்ஸ் போஸ்டட் யெஸ்டர்டே’ நிற்காது. ‘வெரி’ சேருமா என்று பார்ப்பது மூன்றாவது. ‘வெரி டயர்டு’, ‘வெரி வரீடு’ சேரும், ஏனெனில் அவை மனநிலையையும் உடல்நிலையையும் சொல்லும் பெயரடைகளாகவே ஆகிவிட்டன. ஆனால் ‘வெரி குளோஸ்டு’ என்று சொல்வதில்லை, கதவு மூடியிருப்பதில் கூடக் குறைய என்பது இல்லை. ‘பை’ வந்தால் பாசிவ் என்று நம்பியிருப்பவர்களுக்கு ‘ஐ வாஸ் சர்ப்ரைஸ்டு பை இட்’ ஏமாற்றத்தைத் தரும். அதில் ‘வெரி’யும் சேரும், ‘பை’யும் சேரும். பெயரடையாகிவிட்டவை பல தமக்கென்று வேறு முன்னிடைச்சொல்லைப் பிடித்துக்கொள்கின்றன: ‘இன்ட்ரஸ்டட் இன்’, ‘கவர்டு வித்’, ‘நோன் ஃபார்’, ‘மேட் ஆஃப்’. இவற்றை விதியால் பிடிக்க முடியாது, சொல்லோடு சேர்த்து மனப்பாடம் செய்வதுதான் வழி.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ‘அன்’ என்ற முன்னொட்டு. பெயரடைக்கு முன் வந்தால் அது ‘இல்லாத’ என்று பொருள்படும். சில வினைகளுக்கு முன் வந்தால் ‘செய்ததைத் திருப்பிச் செய்’ என்று பொருள்படும். ‘அன்டச்ட்’ என்பதற்கு மூலமாக ‘அன்டச்’ என்று ஒரு வினையே கிடையாது; ஆகவே ‘த ஃபுட் வாஸ் அன்டச்ட்’ என்பதில் அது சந்தேகமின்றிப் பெயரடை. ஆனால் ‘அன்டை’ என்று வினை உண்டு. ‘த ரோப் வாஸ் அன்டைடு’ என்றால் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்தார்கள் என்றும் கொள்ளலாம், கயிறு கட்டாமலே கிடந்தது என்றும் கொள்ளலாம். ‘த லாரி வாஸ் அன்லோடட்’ என்பதிலும் அதே இரட்டை: சரக்கை இறக்கினார்கள், அல்லது சரக்கு ஏற்றாமல் நின்றது. லாரிக்காரர்களுக்கு இந்தச் சிக்கலிலிருந்து தப்ப அவர்களுடைய ஆர்.சி. புத்தகத்திலேயே ஒரு சொல் இருக்கிறது. ‘அன்லேடன் வெயிட்’ என்று அச்சிட்டிருப்பார்களே, அந்த ‘லேடன்’ என்பது ‘லேட்’ என்ற பழைய வினையின் மூன்றாம் வடிவம். வினை ஏறக்குறைய மறைந்துபோக, மூன்றாம் வடிவம் மட்டும் பெயரடையாக உயிரோடு நிற்கிறது. அதனால் ‘அன்லேடன்’ என்றால் வெறும் வண்டி என்ற நிலையை மட்டுமே குறிக்கும்; இறக்கிய செயலைக் குறிக்காது.

‘மோல்ட்டன்’, ‘சங்கன்’, ‘டிரங்கன்’ ஆகியவையும் இப்படி வினையிடமிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போனவை. உருகிய உலோகம் ‘மோல்ட்டன் மெட்டல்’, உருகிய வெண்ணெய் ‘மெல்ட்டட் பட்டர்’. சில சொற்கள் எழுத்தில் பிரியாமல் உச்சரிப்பில் மட்டும் பிரிந்திருக்கின்றன. ‘கற்றார்’ என்னும் வினையாக இருந்தால் ‘லெர்ன்டு’ என்று ஓரசையாக ஒலிப்பார்கள். ‘கற்றறிந்த’ என்னும் பெயரடையாக இருந்தால் ‘லெர்னிட்’ என்று ஈரசையாக ஒலிப்பார்கள். வயதானவரைக் குறிக்கும் ‘ஏஜிட்’, புனிதமானதைக் குறிக்கும் ‘பிளெஸ்ஸிட்’ ஆகியவையும் அப்படியே.

இங்கே ஒரு பக்கக் கேள்வியையும் தொட்டுவிட வேண்டும், ஏனெனில் நம் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். தமிழ்ப் பெயரெச்சம் யாருக்கும் பாரபட்சம் காட்டாது. ‘ஏற்றிய’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஏற்றிய வாழைக்குலை, ஏற்றிய லாரி, ஏற்றிய ஆள், ஏற்றிய இடம், ஏற்றிய நேரம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். செய்தவர் யார், செயப்பட்டது எது என்பதைக் கேட்பவர் தாமே புரிந்துகொள்வார். ஆங்கிலம் அந்தச் சலுகையைத் தராது. செயலுக்கு உள்ளானதற்கு மூன்றாம் வடிவம், செய்கிறவருக்கு ‘இங்’ வடிவம். குலையும் லாரியும் ‘லோடட்’ ஆகலாம். ஏற்றிய ஆள் ‘லோடட் மேன்’ ஆனால் பேச்சு வழக்கில் அவர் பணக்காரர் அல்லது குடித்திருப்பவர் என்று பொருளாகிவிடும். ‘ஐ ஆம் போரிங்’ என்று சொல்லிவிட்டுத் தமக்குச் சலிப்பாக இருப்பதாக நினைத்துக்கொள்ளும் பிழையும் இங்கிருந்து வருவதுதான். சலிப்பைத் தருவது ‘போரிங்’, சலிப்புக்கு உள்ளானவர் ‘போர்டு’. விதிவிலக்காக, செயப்படுபொருள் இல்லாத சில வினைகளின் மூன்றாம் வடிவம் செய்தவரையே குறிக்கும்: உதிர்ந்த இலை ‘ஃபாலன் லீஃப்’, ஓய்வு பெற்ற ஆசிரியர் ‘ரிட்டயர்டு டீச்சர்’. ‘ஐ ஆம் ரிட்டயர்டு’ என்று நான் சொன்னால் அதில் செயப்பாட்டு வினையே இல்லை.

இனி இரண்டாம் கேள்வி. பள்ளியில் எஸ்-வி-ஓ-சி, அதாவது எழுவாய், வினை, செயப்படுபொருள், நிரப்பி என்று ஒரு வாக்கிய அமைப்பைப் படித்திருப்பீர்கள். ‘தே பெயின்டட் த கேட் கிரீன்’ அதற்கு எடுத்துக்காட்டு. ‘த கேட்’ செயப்படுபொருள், ‘கிரீன்’ அந்தப் பொருளைப் பற்றிய நிரப்பி. செயப்பாட்டு வினைக்கு மாற்றும்போது செயப்படுபொருள் எழுந்து முன்னால் போய் எழுவாயாகிவிடுகிறது. நிரப்பி இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறது. ‘த கேட் வாஸ் பெயின்டட் கிரீன்’ என்பதில் ‘கிரீன்’ வினைக்குப் பின்னால் அநாதையாக நிற்பதுபோல் தோன்றினாலும், அது முன்னால் போன ‘கேட்’டுக்கே உரியது. இந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டால் ‘ஹி வாஸ் ஃபவுண்டு கில்ட்டி’, ‘த பிரிட்ஜ் வாஸ் டிக்ளேர்டு ஓப்பன்’, ‘த விண்டோ வாஸ் லெஃப்ட் ஓப்பன்’, ‘த பிரிசனர்ஸ் வேர் செட் ஃப்ரீ’ ஆகிய எல்லாம் ஒரே குடும்பம் என்று தெரியும்.

ஆனால் குடும்பத்துக்குள் வேறுபாடு உண்டு. அதைக் காட்ட நம் பக்கத்து ஏத்தன் (நேந்திரன்) வாழையைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. குலையைக் காயாக வெட்டுவார்கள், பழமாக விற்பார்கள். ஆங்கிலத்தில் ‘பனானாஸ் ஆர் கட் கிரீன் அண்டு சோல்டு ரைப்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கேட்டைப் பற்றிய வாக்கியத்தில் வந்த அதே ‘கிரீன்’தான் இங்கேயும் வருகிறது. அங்கே பச்சை என்பது பெயின்ட் அடித்ததன் விளைவு. அடிக்கும் முன் கேட் பச்சையாக இல்லை. இங்கே வெட்டியதால் குலை பச்சையாகிவிடவில்லை. வெட்டும்போது அது இருந்த நிலை அது. ‘சர்வ்டு ஹாட்’, ‘ஈட்டன் ரா’ என்பவை வாழைக்குலையின் பக்கம். ‘ஸ்கிரப்டு கிளீன்’, ‘பீட்டன் ஃபிளாட்’ என்பவை கேட்டின் பக்கம். ‘ஃபவுண்டு கில்ட்டி’, ‘கன்சிடர்டு அன்சேஃப்’ என்பவை இரண்டிலும் சேராமல், பிறர் ஒருவரைப் பற்றிக் கொண்ட முடிவைச் சொல்பவை.

இந்த இடத்தில் தமிழ் நமக்கு ஒரு பள்ளம் வெட்டி வைத்திருக்கிறது. ‘சூடாகப் பரிமாறினார்கள்’, ‘கோபமாகப் பேசினார்கள்’ என்ற இரண்டிலும் ‘ஆக’ வருகிறது. ‘ஆக’ வந்தால் வினையடை, வினையடை என்றால் ‘லி’ சேர்க்க வேண்டும் என்று பழகிய மாணவர்கள் ‘த ஃபுட் வாஸ் சர்வ்டு ஹாட்லி’, ‘த ரூம் வாஸ் கெப்ட் கிளீன்லி’, ‘த டோர் வாஸ் லெஃப்ட் ஓப்பன்லி’ என்று எழுதுகிறார்கள். தேர்வுத் தாள்களில் நான் அதிகமாகச் சிவப்பு மை செலவழித்த பிழைகளில் இதுவும் ஒன்று. கேட்க வேண்டிய கேள்வி எளியது: சூடு இருந்தது சோற்றிலா, பரிமாறிய கையிலா? சோற்றில் என்றால் பெயரடை, ‘ஹாட்’. கோபம் பேசிய விதத்தில் இருந்தது, ஆகவே வினையடை, ‘ஆங்க்ரிலி’. ‘ஃபவுண்டு’ என்ற ஒரே வினையோடும் இதைப் பார்க்கலாம். ‘த ஹவுஸ் வாஸ் ஈஸிலி ஃபவுண்டு’ என்றால் வீட்டைச் சிரமமின்றிக் கண்டுபிடித்தார்கள். ‘த ஹவுஸ் வாஸ் ஃபவுண்டு எம்டி’ என்றால் போய்ப் பார்த்தபோது வீடு காலியாக இருந்தது.

‘த காட் ரோடு இஸ் செட் டு பி ஸ்லிப்பரி’ என்பது போன்றவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ‘சொல்லப்படுகிறது’ என்னும் பொருளுடைய ‘செட்’ செயப்பாட்டு வினை, ‘ஸ்லிப்பரி’ பெயரடை, நடுவில் ‘டு பி’ பாலம். ‘செட்’ இருந்த இடத்தில் ‘பிலீவ்டு’, ‘நோன்’, ‘ரிப்போர்ட்டட்’ எது வந்தாலும் அமைப்பு ஒன்றே. தமிழில் இதற்கு இவ்வளவு கட்டுமானம் வேண்டியதில்லை. ‘மலைப்பாதை வழுக்குமாம்’ என்று ஓர் ‘ஆம்’ போட்டால் முடிந்தது.

மூன்றாம் கேள்விக்கு மறுபடி தமிழ்க் காதையே துணைக்கு அழைக்கிறேன். ‘இந்தக் கையெழுத்து படிக்கக் கஷ்டம்’ என்கிறோம். ‘படிக்கப்படக் கஷ்டம்’ என்று யாரும் சொல்வதில்லை. கையெழுத்து படிக்காது, அதை நாம் படிக்கிறோம் என்பது சொல்லாமலே விளங்குகிறது. செயப்படுபொருளையே செய்தவன்போல் வைத்துப் பேசுவதும் வழக்குதான் என்று தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. ‘திண்ணை மெழுகிற்று’ என்று உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டும் தந்தார்கள். திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்ளவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் ‘ஈஸி’, ‘டிஃபிகல்ட்’, ‘ஹார்டு’, ‘டேஞ்சரஸ்’, ‘இம்பாசிபிள்’ ஆகிய பெயரடைகள் இதே போக்கில் நடக்கின்றன. எழுவாயாக நிற்பது உண்மையில் பின்னால் வரும் வினையின் செயப்படுபொருள். பெயரடையே அந்தத் திருப்பத்தை ஏற்படுத்திவிடுவதால் வினை செய்வினையாகவே இருக்கிறது. ‘திஸ் ஹேண்ட்ரைட்டிங் இஸ் ஹார்டு டு ரீட்’ போதும்; ‘டு பி ரெட்’ என்று மறுபடி திருப்பினால் ஒரு வேலையை இரண்டு முறை செய்ததாகும். அதே காரணத்தால் ‘த ரோடு இஸ் டேஞ்சரஸ் டு கிராஸ் இட்’ என்று கடைசியில் ‘இட்’ சேர்ப்பதும் தவறு; கடக்கப்படும் சாலை முன்னாலேயே வந்துவிட்டது.

‘லைக்லி’, ‘சர்ட்டன்’, ‘எலிஜிபிள்’, ‘டியூ’ ஆகியவை வேறு இனம். இவை எழுவாயைத் திருப்பிப் போடுவதில்லை. பின்னால் வரும் வினையை எழுவாயே செய்கிறது என்று கொள்கின்றன. ஆகவே எழுவாய் செயலுக்கு உள்ளாகிறது என்றால் அதை வினையில் வெளிப்படையாகக் காட்டியாக வேண்டும். ‘ஷி இஸ் லைக்லி டு செலக்ட்’ என்றால் அவர் தேர்வுக் குழுவில் உட்கார்ந்து யாரையோ தேர்ந்தெடுக்கப் போகிறார்; ‘ஷி இஸ் லைக்லி டு பி செலக்டட்’ என்றால் அவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1960-களில் இந்த வேறுபாட்டை ‘ஈஸி டு பிளீஸ்’, ‘ஈகர் டு பிளீஸ்’ என்ற சோடியை வைத்துக் காட்டினார். முன்னவரை மகிழ்விப்பது எளிது. பின்னவர் பிறரை மகிழ்விக்கத் துடிப்பவர். சொல்லடுக்கு ஒன்றாகவே இருந்தாலும் மகிழ்கிறவர் மாறிவிடுகிறார்.

இரண்டு இனத்துக்கும் நடுவில் ‘ரெடி’, ‘ஃபிட்’ போன்ற சில உண்டு. இவை இரு பக்கமும் போகும். பிரானூர் பார்டரில் ஒரு புரோட்டாக் கடையில் உட்கார்ந்துகொண்டு ‘த சிக்கன் இஸ் ரெடி டு ஈட்’ என்று சொன்னால் கோழி வெந்து இலைக்கு வந்துவிட்டது என்று பொருள். அதையே கோழிப் பண்ணையில் நின்று சொன்னால் கோழி தீவனத்துக்குக் காத்திருக்கிறது என்று பொருள். ‘ரெடி டு பி ஈட்டன்’ என்று செயப்பாட்டு வினையில் சொல்லிவிட்டால் பண்ணைக்கு இடமில்லை. அதுபோலவே ‘த லெட்டர் இஸ் ரெடி டு போஸ்ட்’ என்றும் ‘ரெடி டு பி போஸ்டட்’ என்றும் எழுதலாம், கடிதம் தன்னைத் தானே தபாலில் போட்டுக்கொள்ளாது என்பதால் குழப்பம் வராது. எழுவாய் உயிருள்ள ஆளாக இருந்தால்தான் எச்சரிக்கை தேவை.

நீங்கள் இணைத்திருக்கும் விண்ணப்பத்தின் கடைசி வரியைப் பாருங்கள். ‘ஐ ஆம் ரெடி டு போஸ்ட் எனிவேர் இன் த ஸ்டேட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மாநிலத்தின் எந்த மூலைக்கும் தபால் அனுப்பத் தயார் என்பது அதன் பொருள். எங்கே பணியமர்த்தினாலும் போகத் தயார் என்பதற்கு ‘ஐ ஆம் ரெடி டு பி போஸ்டட் எனிவேர் இன் த ஸ்டேட்’ என்று திருத்திவிட்டு அனுப்புங்கள். மற்ற வரிகளில் கைவைக்க வேண்டியதில்லை.